சின்ன ஹாலுக்கு இரண்டே ஸ்பீக்கர்: படத்துக்கும் பாட்டுக்கும் ஸ்டீரியோ அமைக்க முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் 700 சதுர அடி அடுக்குமாடி வீடு என்றால் ஹால் பெரும்பாலும் 10 அடிக்கு 14 அடிதான் இருக்கும். ஒரு பக்கம் டிவி, எதிரே சோபா, ஓரத்தில் சாமி மேடை, வாசலோரம் செருப்பு அலமாரி. இந்த இடத்துக்குள் ஐந்து ஸ்பீக்கர் ஹோம் தியேட்டரை வாங்கி நுழைத்தவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். பின்பக்க ஸ்பீக்கர்கள் சோபா காலடியில் கிடக்கும். நடு ஸ்பீக்கர் டிவிக்குப் பின்னால் போயிருக்கும். வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவார்கள், சண்டைக் காட்சி வந்ததும் ரிமோட்டைத் தேடி ஓடுவார்கள்.

இவ்வளவு சின்ன ஹாலுக்குச் சரியாக வைத்த இரண்டு ஸ்பீக்கர் போதும். வசனம் தெளிவாகக் கேட்கும். பாட்டு போட்டால் மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் கடையில் தொடங்குகிறார்கள். நீங்கள் ஹாலில் தொடங்குங்கள். இடம் முதலில், பொருள் அடுத்து, டிவி அமைப்பு அதற்கடுத்து, காதால் சரிபார்ப்பது கடைசியில். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. கடைக்குப் போகும் முன் ஹாலை அளங்கள்

அளவு நாடா, மாஸ்கிங் டேப், கைப்பேசி. இப்போதைக்கு இவை போதும்.

டிவி இருக்கும் சுவரின் அகலத்தை அளங்கள். அப்புறம் டிவியிலிருந்து சோபாவில் உட்காருபவரின் தலை வரை உள்ள தூரம். அப்புறம் சோபாவில் உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து காது வரை உள்ள உயரம். இந்தக் கடைசி அளவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சாதாரண சோபாவில் அது மூன்றடியும் சில அங்குலமும் வரும். ஸ்பீக்கரை எந்த உயரத்தில் வைப்பது என்பதை இது ஒன்றுதான் முடிவு செய்கிறது.

டிவியின் பின்பக்கத்தை, துளைகளும் எழுத்துகளும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். எச்டிஎம்ஐ துளைகளில் எதன் மேலாவது 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கிறதா, ஆப்டிகல் துளை (ஒலியை வெளிச்சமாக அனுப்புவது) இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வகை ஸ்பீக்கர் வாங்கலாம் என்பது இந்தப் படத்தைப் பொறுத்தது. சுவரில் எத்தனை பிளக் பாயிண்ட் இருக்கிறது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். பழைய அடுக்குமாடிகளில் டிவி பக்கம் இரண்டுதான் இருக்கும், அதில் டிவியும் ஆஸ்ட்ரோ (செயற்கைக்கோள் டிவி) பெட்டியும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

2. உட்காரும் இடத்தை முதலில் தீர்மானியுங்கள்

ஸ்பீக்கருக்கு முன்பே சோபாவுக்கு இடம் பிடிக்க வேண்டும். காது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஸ்பீக்கரை எங்கே வைத்தாலும் அது ஊகம்தான்.

சோபா டிவிக்கு நேர் எதிரே, நடுவில் இருக்கட்டும். நாம் சுவரோடு ஒட்டித்தான் சோபா போடுவோம், நடக்க வழி வேண்டுமே. ஆனால் தாழ்ந்த ஒலியின் அழுத்தம் சுவரை ஒட்டிய இடத்தில்தான் மிக அதிகம். அங்கே தலை இருந்தால் பேஸ் வீங்கி, பாட்டு முழுக்க 'தும் தும்' என்று கேட்கும். ஓர் அடி முன்னால் இழுத்தால் ஓரளவு குறையும். அதற்கும் இடமில்லை என்றால் தலைக்குப் பின்னால் தடித்த திரையோ உயரமான மெத்தையோ வையுங்கள். பேஸ் அதனால் குறையாது. பின்சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும் கூர்மையான ஒலி அடங்கும், வசனம் தெளியும்.

ஹாலின் நீளத்தில் சரியாகப் பாதியில் உட்காருவதும் வேண்டாம். 14 அடி நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள பேஸ் அந்த நடு இடத்தில் ஏறக்குறைய காணாமல் போய்விடும். ஸ்பீக்கர் சரியில்லை என்று நினைத்து அதை மாற்றுவார்கள். மாற்ற வேண்டியது சோபாவை.

3. ஸ்பீக்கர் நிற்கும் இடத்தைத் தரையில் குறியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாலை முழுக்கச் செலவு செய்யலாம். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக வர வேண்டும். சோபாவுக்கு 7 அடி தூரம் என்றால் ஸ்பீக்கர்களுக்கு இடையே 6 முதல் 7 அடி. இதைவிட நெருக்கினால் எல்லா ஒலியும் டிவிக்குள் குவிந்து, இடம் வலம் தெரியாமல் போகும். அதிகமாக விலக்கினால் நடுவில் பள்ளம் விழும், திரையில் பேசுபவரின் குரல் திரையில் நிற்காது. ஸ்டீரியோவில் நடு ஸ்பீக்கர் கிடையாது. இடத்திலும் வலத்திலும் ஒரே குரல் ஒரே அளவில், ஒரே நேரத்தில் காதுக்கு வரும்போது, அது நடுவிலிருந்து வருவதாக நமக்குத் தோன்றுகிறது. முக்கோணம் கோணினால் அந்தத் தோற்றமும் கலைந்துவிடும்.

55 அங்குல டிவி ஏறத்தாழ 4 அடி அகலம். 10 அடிச் சுவரில் டிவி நடுவில் இருந்தால் பக்கத்துக்கு 3 அடி மிஞ்சும். ஸ்பீக்கர்களை 6 அடி இடைவெளியில் வைத்தால் பக்கச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி நிற்கும். நல்ல கணக்கு. மூலையில் மட்டும் திணிக்காதீர்கள். டிவி இருக்கும் சுவர், பக்கச் சுவர், தரை மூன்றும் சேர்ந்து பேஸை ஊதிவிடும்.

டிவி இருக்கும் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி? இங்கேதான் நிறையப் பேருக்குத் தவறான அறிவுரை கிடைக்கிறது. 'சுவரிலிருந்து நன்றாக முன்னால் இழு' என்பது பெரிய அறைக்குச் சொன்னது. ஸ்பீக்கரின் முன்முகம் சுவரிலிருந்து 2 முதல் 3 அடியில் நின்றால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 95 முதல் 140 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஏதோ ஓரிடத்தில் நேர் ஒலியை அடித்துவிடும். ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது, அதனால் வசனம் மெலியும். சின்ன ஹாலில் சுவருக்குப் பக்கத்திலேயே, ஸ்பீக்கரின் முதுகுக்கும் சுவருக்கும் 2 முதல் 4 அங்குலம் விட்டு வைப்பது நல்லது. பேஸ் கொஞ்சம் கூடும். அதை ஸ்பீக்கரில் உள்ள பேஸ் திருகியால் குறைத்துக்கொள்ளலாம். அடிபட்டுப் போன ஒலியை எந்தத் திருகியாலும் கொண்டுவர முடியாது.

இடத்தை முடிவு செய்ததும் ஸ்பீக்கர் அளவுக்கு மாஸ்கிங் டேப்பில் தரையில் கட்டம் ஒட்டி, வார இறுதி வரை அப்படியே விடுங்கள். அறைக் கதவு திறக்கும்போது இடிக்கிறதா, சாமி விளக்கேற்றப் போகிறவருக்கு வழி மறிக்கிறதா, பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். வழியில் நிற்கிற ஸ்பீக்கரை யாராவது ஒருவர் நகர்த்தி வைப்பார், அத்தோடு முக்கோணம் போயிற்று. செந்தூலில் ஒரு வீட்டில் இடது ஸ்பீக்கர் டிவி கேபினட்டின் மேலும், வலது ஸ்பீக்கர் வாசலோரச் செருப்பு அலமாரியின் மேலும் இருந்தன. "அண்ணே, யார் பேசினாலும் வாசல்ல இருந்து கூப்பிடுற மாதிரியே இருக்கு" என்றார் அந்த வீட்டுத் தம்பி. ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை. வலது ஸ்பீக்கர் கேபினட் ஓரத்துக்கு வந்ததும் குரலும் திரைக்கு வந்தது.

4. இப்போது வாங்குங்கள்

இரண்டு வழி உண்டு. ஆம்ப் (ஸ்பீக்கரை இயக்கும் ஒலிபெருக்கிக் கருவி) உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒன்று, தனி ஆம்பும் பாசிவ் ஸ்பீக்கரும் இன்னொன்று. முதன்முறை வாங்குகிறவருக்கு நான் ஆக்டிவ் வகையைத்தான் சொல்வேன். பெட்டி ஒன்று குறைகிறது, பிளக்கும் ஒன்று குறைகிறது, ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்க்கும் வேலையும் இல்லை. பின்னாளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் ஆசை இருந்தால் தனி ஆம்ப் எடுங்கள்.

வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய வட்டம், 4 முதல் 5 அங்குலம் போதும். 6 அங்குலத்துக்கு மேல் போனால் இந்த ஹாலில் பேஸை அடக்குவதே வேலையாகிவிடும். காற்றுத் துளை முன்பக்கம் உள்ளதோ, துளையே இல்லாத மூடிய பெட்டியோ சுவரோரத்துக்கு ஏற்றது. துளை பின்பக்கம் இருந்தால் குறைந்தது 4 அங்குலம் விட வேண்டியிருக்கும்.

வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 86 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கர் ஒரு வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும். சோபா 2 மீட்டரில் இருந்தால் 6 குறையும், இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் 3 கூடும். ஆக, ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டிலேயே 83 டெசிபல். வீட்டில் யாரும் அதற்கு மேல் நெடுநேரம் கேட்பதில்லை. வாட்ஸ் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். 30 வாட்ஸ் இருந்தால் திடீர் வெடிச் சத்தங்களுக்கும் இடம் மிச்சம் இருக்கும்.

டிவியில் ஏஆர்சி இருந்தால், ஏஆர்சி உள்ள ஸ்பீக்கரையோ ஆம்பையோ தேடுங்கள். கொஞ்சம் கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தாலும் வீட்டில் எல்லோரும் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு ரிமோட் வேண்டும் என்றால் பெரியவர்கள் பழையபடி டிவி ஸ்பீக்கருக்கே திரும்பிவிடுவார்கள். இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

ஆக்டிவ் ஸ்பீக்கர்களைப் பார்க்க லோ யாட் பிளாசா வசதி. வயரும் பிளக்கும் வாங்க புடுவின் ஜாலான் பாசார் பக்கம் போகலாம். கைமாறிய ஸ்பீக்கர் வாங்கினால் வூஃபரைச் சுற்றியிருக்கும் வளையத்தை முதலில் பாருங்கள். ரப்பர் என்றால் கவலையில்லை. ஃபோம் என்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் நொறுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்து, பிசுபிசுப்பாகவோ பொடியாகவோ வந்தால் விட்டுவிடுங்கள். பினாங்கில் கடலோர வீட்டிலிருந்து வருகிற பொருள் என்றால் பின்பக்க முனைகளில் துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடையில் கேட்கும்போது நீங்கள் நன்றாக அறிந்த ஒரு பாட்டையும், இரண்டு பேர் மெதுவாகப் பேசும் ஒரு காட்சியையும் போடச் சொல்லுங்கள். வீட்டில் வைக்கும் அளவு சத்தத்திலேயே கேளுங்கள். சத்தம் கூடினால் எல்லா ஸ்பீக்கரும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

5. உயரம், ஸ்டாண்டு, வயர்

ட்வீட்டர், அதாவது உயர்ந்த ஒலியைத் தரும் சின்ன வட்டம், காது உயரத்துக்கு வர வேண்டும். உயர்ந்த ஒலி நேர்கோட்டில்தான் நன்றாகப் பாயும். 'ச', 'த', 'ப' போன்ற எழுத்துகளின் தெளிவு அதில்தான் இருக்கிறது. டிவி கேபினட் தாழ்வாக இருந்து, ட்வீட்டர் காதுக்கு ஓர் அடி கீழே வந்தால், ஸ்பீக்கரின் முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர் துண்டு கொடுத்துக் காதைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். கேபினட்டின் முன் ஓரம் வரை இழுத்து வைப்பதும் முக்கியம். உள்ளே தள்ளி வைத்தால் கேபினட்டின் மேற்பரப்பில் ஒலி பட்டுத் திரும்பிக் கலங்கும். அலமாரித் தட்டுக்குள் அடைத்து வைப்பதோ, படுக்க வைப்பதோ வேண்டாம்.

ஸ்டாண்டில் வைத்தால் நான்கு மூலையிலும் பட்டாணி அளவு புளூ டாக் (களிமண் போன்ற ஒட்டுப் பசை) வைத்து அழுத்துங்கள். பிள்ளைகள் தட்டினாலும் எளிதில் விழாது, ஸ்பீக்கரின் அதிர்வும் ஸ்டாண்டுக்குக் குறைவாகவே போகும்.

பாசிவ் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இந்தத் தூரத்துக்குத் தாராளம். விலை குறைந்த வயரில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். எல்லாம் அணைந்திருக்கும்போது மட்டுமே இணையுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. சீவிய செம்பு இழை ஒன்றுகூட பக்கத்து முனையைத் தொடக் கூடாது. தொட்டால் ஆம்ப் அணைந்துகொள்ளும், பாதுகாப்பு இல்லாத ஆம்ப் என்றால் கருகிவிடும்.

6. டிவியோடு இணைப்பது

முதல் தேர்வு ஏஆர்சி. ஏஆர்சி என்று எழுதிய துளையில்தான் கேபிளைச் செருக வேண்டும், மற்ற எச்டிஎம்ஐ துளைகளில் செருகினால் டிவியின் ஒலி வெளியே வராது. டிவி ரிமோட்டில் சத்தம் மாற, டிவி அமைப்பில் சிஇசி (எச்டிஎம்ஐயில் இணைத்த கருவிகளை ஒரே ரிமோட்டால் இயக்கும் வசதி) இயங்க வேண்டும். சாம்சங்கில் அதற்கு அனிநெட் பிளஸ் என்று பெயர், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க்.

அடுத்தது ஆப்டிகல். கேபிளின் இரண்டு முனையிலும் சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் திணித்துவிட்டுச் சத்தம் வரவில்லை என்பவர்கள் ஏராளம். கழற்றினால் டிவிப் பக்கம் செருகிய கேபிளின் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரியும்.

இரண்டும் இல்லாத பழைய டிவி என்றால் ஹெட்போன் துளையிலிருந்து எடுங்கள். டிவி சத்தத்தை 80 சதவீதம் அளவில் வைத்து, மிச்சத்தை ஸ்பீக்கரில் கூட்டிக் குறையுங்கள். டிவியில் மிகக் குறைத்து ஸ்பீக்கரில் கூட்டினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மேலே வரும்.

புளூடூத் பாட்டுக்கு மட்டும். அதில் ஒலி நொடியின் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடத் தாமதமாக வரும், உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம் என்று போகும்.

7. டிவி அமைப்பு: நிறையப் பேர் தாண்டிப் போகும் படி

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அக்கா வீட்டில் புது ஸ்பீக்கர் திரும்பப் பெட்டிக்குள் போயிருந்தது. "செய்தி வருது தம்பி, படம் போட்டா மட்டும் ஊமையாப் போயிடுது" என்றார். கடையில் ஸ்பீக்கர் பழுது என்று சொல்லியிருக்கிறார்கள். டிவியின் ஒலி அமைப்புக்குள் போய் டிஜிட்டல் ஆடியோ வெளியீட்டைப் பார்த்தால் 'ஆட்டோ' என்று இருந்தது. அதை 'பிசிஎம்' ஆக்கியதும் படம் பேசியது.

காரணம் இதுதான். செய்தி இரண்டு தட ஒலியாக வருகிறது. புதுப் படங்கள் பல 5.1 தடங்களாக (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும்), டால்பி முறையில் கட்டப்பட்டு வருகின்றன. ஸ்டீரியோ ஸ்பீக்கருக்கு அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரியாது. பிசிஎம் என்று வைத்தால் டிவியே அவிழ்த்து இரண்டு தடமாகக் கலந்து அனுப்பும். ஆப்டிகல் கேபிளில் ஒலி ஒரு வழியாகத்தான் போகும், எதிரே இருக்கும் பெட்டிக்கு என்ன தெரியும் என்று டிவியால் கேட்டுப் பார்க்க முடியாது. அதனால் ஆப்டிகலில் பிசிஎம் கட்டாயம். ஆஸ்ட்ரோ பெட்டி போல டிவியில் செருகிய வேறு பெட்டிகள் இருந்தால் அவற்றின் ஒலி அமைப்பையும் ஒருமுறை பாருங்கள்.

கலக்கும்போது நடு ஸ்பீக்கருக்கான வசனம் வழக்கமாக 3 டெசிபல் குறைந்து இரண்டு பக்கமும் போகிறது. படத்தில் ஸ்டீரியோ தடம் தனியாக இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். நெட்பிளிக்ஸ் போன்றவற்றில் ஆடியோ பட்டியலில் 5.1 என்ற குறி இல்லாத தமிழ் தடம் சில படங்களுக்கு இருக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கென்று கலந்த ஒலியில் வசனம் பொதுவாக எடுப்பாக நிற்கும்.

அப்புறம் மூன்று வேலை. டிவியின் சொந்த ஸ்பீக்கரை அணையுங்கள், இரண்டும் சேர்ந்தால் எதிரொலி வரும். விர்ச்சுவல் சரவுண்ட் வகையறாக்களை நிறுத்துங்கள். அவை ஒலியை விரிப்பதாகக் காட்ட இடம் வலத்தைக் குழப்பும், நடுவில் நிற்கும் குரல் கரைந்துபோகும். நைட் மோட் அல்லது ஆட்டோ வால்யூம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, பகலில் அணைத்தும் இரவில் போட்டும் வையுங்கள். மெல்லிய ஒலியை உயர்த்தி வெடிச் சத்தத்தைத் தாழ்த்துவதுதான் அதன் வேலை. பிள்ளைகள் தூங்கிய பிறகு படம் பார்க்க இதைவிட உதவுவது வேறில்லை. பாட்டுக்கு மட்டும் அது வேண்டாம், தாளத்தின் உயிரைத் தட்டையாக்கிவிடும்.

8. காதால் சரிபார்ப்பது

மின்விசிறி வழக்கமாக ஓடும் வேகத்தில் ஓடட்டும். ஜன்னலும் வழக்கம்போலத் திறந்தோ மூடியோ இருக்கட்டும். விசிறியை அணைத்துவிட்டு அமைதியில் சரிசெய்தால், நிஜத்தில் கேட்கும்போது வசனம் மறுபடி அமுங்கும். ஜன்னல் திறந்திருந்தால் பேஸின் ஒரு பங்கு வெளியே போய்விடும், மூடி ஏர்கான் போட்டால் திரும்பி வரும். நீங்கள் அதிகம் எப்படி உட்காருகிறீர்களோ அப்படியே சரிசெய்யுங்கள்.

முதல் சோதனை குரல். மின்னல் எஃப்எம் அறிவிப்பாளரோ, டிவி செய்தி வாசிப்பவரோ யாராவது பேசட்டும். நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். குரல் டிவிக்கு நடுவில், ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தலையைச் சுற்றிப் பரவினால், பேஸும் இல்லாமல் போனால், ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். 1960களின் மோனோ சினிமாப் பாட்டு இதற்கு அருமையான கருவி. பாடகர், வயலின், தபேலா எல்லாம் சேர்ந்து நடுவில் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும்.

குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே பேலன்ஸ் திருகியைத் தொடாதீர்கள். முதலில் இரண்டு ஸ்பீக்கருக்கும் தலைக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளங்கள். ஓரிரு அங்குலம் விலகியிருந்தாலே குரல் நகரும்.

அடுத்து, உள்நோக்கித் திருப்புவது. ஒருவர் மட்டும் கேட்பதானால் இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தோளைப் பார்க்கட்டும். பக்கச் சுவரில் படும் ஒலி குறைந்து குரல் கூர்மையாகும். ஆனால் வீட்டில் மூன்று பேர் சோபாவில் வரிசையாக உட்காருவோம். அப்போது இன்னும் உள்ளே திருப்புங்கள், இரண்டு ஸ்பீக்கரின் பார்வையும் சோபாவுக்கு ஓர் அடி முன்னால் வெட்டிக்கொள்ளும் அளவுக்கு. இடது ஓரத்தில் இருப்பவருக்கு இடது ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தாலும் அதன் முகம் அவரை விட்டு விலகியிருக்கும், தூரத்து வலது ஸ்பீக்கரோ அவரை நேராகப் பார்க்கும். பக்கத்தில் இருப்பது மெலிந்து தூரத்தில் இருப்பது எடுப்பாகி, குரல் ஓரளவு நடுவுக்கே வரும். அம்மாவுக்கு ஓரத்து இடம்தான் எப்போதும் கிடைக்கிறது என்றால், இந்த ஒரு திருப்பு அவருக்காகவே செய்ய வேண்டியது.

பேஸ், ட்ரெபிள் திருகிகள் கடைசியில்தான். சுவரோர ஸ்பீக்கருக்கு பேஸை இரண்டு மூன்று படி குறைத்துத் தொடங்குங்கள். ஆண் குரல் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தால் இன்னும் குறையுங்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பேஸ் இயல்பாகவே குறைவாகக் கேட்கும். ஆம்பில் லவுட்னஸ் பொத்தான் இருந்தால் அது அந்தக் குறையை ஈடுகட்டும், இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

9. டைல்ஸ் எதிரொலியை அடக்குங்கள்

நம் ஹால்களில் தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட், எதிரே கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். 'டர்ர்' என்று ஒரு நடுக்கம் பின்னால் வந்தால், ஒவ்வோர் எழுத்தின் மேலும் அந்த வால் ஒட்டிக்கொண்டுதான் வசனம் காதுக்கு வருகிறது.

முதலில் வாங்க வேண்டியது தடித்த கம்பளம். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே, 5 அடிக்கு 7 அடி அளவில். தரையில் பட்டுத் திரும்பும் ஒலி அங்கேதான் விழுகிறது. அடுத்தது ஜன்னலுக்கு முழுநீளத் திரை, மடிப்பு மடிப்பாகத் தொங்கும்படி. பக்கச் சுவரில் எங்கே கவனிக்க வேண்டும் என்று அறிய, நீங்கள் சோபாவில் உட்கார்ந்து, இன்னொருவரைச் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே புத்தக அலமாரியோ துணி ஓவியமோ வையுங்கள். முட்டை அட்டை ஒட்ட வேண்டாம். உயர்ந்த ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சுவது தவிர அதனால் பயனில்லை, எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும்.

10. சப்வூஃபரும் கீழ்வீடும்

சப்வூஃபர் என்பது பேஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர். இரண்டு மாதம் கேட்டுவிட்டு யோசியுங்கள். சுவரோரம் வைத்த 5 அங்குல ஸ்பீக்கரே பலருக்குப் போதுமாகிவிடுகிறது. பேஸ் ஒலி சிமெண்ட் தளம் வழியாக எளிதில் இறங்கும், கீழ்வீட்டில் பாட்டு கேட்காது, அதிர்வு மட்டும் கேட்கும். அதுதான் அதிகம் எரிச்சலூட்டுவது.

வேண்டும் என்றே முடிவு செய்தால் 8 அங்குலம், மூடிய பெட்டி. அடியில் தடித்த ஃபோம் தட்டு. ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லை 80 ஹெர்ட்ஸ். அளவை மெல்லக் கூட்டி, சப்வூஃபரை அணைக்கும்போது மட்டுமே அது இருந்தது தெரிகிற அளவில் நிறுத்துங்கள்.

சப்வூஃபர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு சோதனை செய்யுங்கள். இரவு 10 மணிக்கு வழக்கமான சத்தத்தில் படத்தை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நடைபாதையில் நில்லுங்கள். வசனமே புரிகிறது என்றால் அதிகம். கீழ்வீட்டு அண்ணனிடம் நேரில் போய், "ராத்திரி ஏதாவது அதிருதா?" என்று கேட்டுவிடுவது இன்னும் நல்லது. அவர் சொன்னதை வைத்து இரவுக்கு ஓர் எண்ணைத் தீர்மானித்து ரிமோட்டின் முதுகில் எழுதி ஒட்டுங்கள். அடுக்குமாடிகளுக்கான 2015 ஸ்ட்ராட்டா நிர்வாக விதிமுறைகளின் துணைவிதிகள் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் சத்தத்துக்கு இடம் தருவதில்லை, நிர்வாகத்துக்குப் புகார் போகும் முன் பேசிக்கொள்வது எளிது.

11. இடி, ஈரம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடி தப்பாது. வெளியே போகும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். ஆஸ்ட்ரோ தட்டிலிருந்து வரும் வயரையும் இணைய வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் அதிர்ச்சி அந்த வழியாகவும் வந்து எச்டிஎம்ஐ மூலம் ஸ்பீக்கரைத் தொடும். எக்ஸ்டென்ஷன் வாங்கினால் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ளதாகவே வாங்குங்கள்.

ஜன்னல் சாரல் படும் இடத்தில் ஸ்பீக்கர் வேண்டாம். பூட்டிய கேபினட்டுக்குள் ஆம்பையும் வைக்காதீர்கள், சூடு வெளியேற மேலே ஒரு சாண் இடம் வேண்டும்.

12. சிக்கல் வந்தால் பார்க்கும் வரிசை

சத்தமே இல்லை: ஸ்பீக்கரில் சரியான உள்ளீடு தேர்ந்திருக்கிறதா, ஆப்டிகல் மூடி கழன்றதா, பிசிஎம் போட்டதா.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது: பாசிவ் ஸ்பீக்கர் என்றால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இடது வலது வயர்களை ஆம்பில் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கமும் மாறினால் குறை ஆம்பிலோ அதற்கு முன்போ இருக்கிறது. மாறாமல் அதே பக்கம் நின்றால் அந்த வயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது.

உதடும் வசனமும் பொருந்தவில்லை: புளூடூத்தில் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் டிவியில் ஆடியோ டிலே என்ற அமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒருவர் பேசும் நெருக்கக் காட்சியில் சரிபாருங்கள்.

'ம்ம்ம்' என்று ஓயாத உறுமல்: ஆஸ்ட்ரோ தட்டின் வயரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் எர்த் இரண்டு வழியாக வந்து சுற்றுகிறது என்று பொருள். டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போட்டால் நின்றுவிடும், அதில் மின்சாரம் போக வழியே இல்லை. உறுமலை நிறுத்த மூன்று முனைப் பிளக்கின் எர்த்தைத் துண்டிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் தொட்டவர் உடல் வழியாகத்தான் அது இறங்கும்.